பிறர் முகக்குறிப்பு புரியாமல் இருப்பது திமிரா, குறையா?

“எதிரில் இருப்பவர் கோபமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்து எனக்குத் தெரிவதில்லை, கல்நெஞ்சம் என்கிறார்கள், என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னவர் உங்கள் வீட்டுக்காரராகத்தான் இருப்பார் என்றும், அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே அவருக்குக் கோபம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்றும் ஊகிக்கிறேன். என் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 19 ஆண்டுகளாக ரைட்டராக இருக்கிறேன். பறித்து வரும் கொழுந்தை எடைபோட்டுப் பெயருக்கு நேரே எழுதுவது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன், மழை விடாத ஒரு டிசம்பர் மாலையில், வழக்கமாக முப்பது கிலோவுக்குக் குறையாமல் கொண்டுவரும் அக்கா ஒருவர் ஒன்பது கிலோவோடு வந்து நின்றார். உதடுகள் விரிந்து பற்கள் தெரிந்தன. சிரிக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, “என்ன அக்கா, இன்று கொழுந்துக்குப் பதில் கதை பறித்தீர்களா?” என்று கேட்டேன், ஈர இலை என்பதால் வழக்கப்படி ஒரு கிலோ கழித்தும் எழுதினேன். அவர் சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார். வரிசை அமைதியானது. அமைதி என்றால் எனக்கு அமைதி மட்டும்தான். அதற்குள் வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

அடுத்த இரண்டு வாரங்கள் அந்த வரிசையில் ஒருவரும் என்னோடு எடையைத் தவிர வேறு பேசவில்லை என்பதைக்கூட என் மனைவி சொல்லித்தான் உணர்ந்தேன். அந்த அக்காவின் தம்பி கோவையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பதாக அன்று நண்பகலில்தான் செய்தி வந்திருக்கிறது. அன்றைய பேர், அதாவது நாள் கூலிக் கணக்கு, விழாமல் போய்விடக் கூடாதே என்று, அழுகையைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு, பேருந்துக்கு முன் வரிசையில் வந்து நின்றிருக்கிறார். மற்றவர்களிடமும் அவர் ஒரு சொல் சொல்லவில்லையாம். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்களாம்.

மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர், “தெரியலைன்னா கேட்டிருக்கலாமே, ரைட்டரய்யா” என்றார்.

பிறகு கோவையில் ஓர் உளவியலாளரைப் பார்த்தேன். சைமன் பேரன்-கோகன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் குழுவினர் 2001இல் திருத்தி வெளியிட்ட, கண்ணைப் பார்த்து மனநிலையைச் சொல்லும் ஒரு சோதனையை எனக்கு வைத்தார். கண் பகுதி மட்டும் தெரியும் 36 படங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மங்கி குல்லாவும் மப்ளரும் சுற்றிய எங்கள் ஊர்க் காலை நேரம் போலவே இருந்தது. பாதிக்குமேல் தவறு. நான் வாயை மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறேன் என்று அவர் விளக்கினார். மனம் நிறைந்த சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்பதையும், வேண்டுமென்று சிரிக்கையில் அது எளிதில் சுருங்காது என்பதையும் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே எழுதிவிட்டார். அந்த அக்காவின் கண்களை நான் பார்க்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு, “சாக்குச் சொல்கிறான்” என்று சிலர் எழுதுவீர்கள். ஒரு கிலோ கழித்தது என் தவறுதான். அதற்கு எந்தச் சோதனையையும் காரணம் காட்டவில்லை. ஆனால் முகம் புரியாதவனுக்கு இரக்கமும் இராது என்று முடிவுகட்டுவதை ஏற்க மாட்டேன். செய்தி தெரிந்த இரவு நான் உறங்கவில்லை. இன்னொன்று, பள்ளியில் குறிப்பறிதல் அதிகாரத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். குறிப்பை உணராத கண்ணால் என்ன பயன் என்று 705ஆம் குறள் கேட்கிறது. நான் பிழையின்றி ஒப்பித்தேன், ஆசிரியர் கோபத்தில் இருப்பது தெரியாமல் சிரித்துக்கொண்டே ஒப்பித்ததற்காக அடியும் வாங்கினேன். அதே தலைப்பில் காமத்துப்பாலிலும் ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவரிடம், புரியாதவன் எப்படிக் கற்றுக்கொள்வது என்று கேட்க எனக்கு இன்றும் ஆசை உண்டு.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அந்த அக்கா சொன்னதுதான்: கேளுங்கள். நான் இப்போது எடை வழக்கத்துக்குக் குறைந்தால், தராசைப் பார்த்தபடியே, “உடம்புக்கா, வீட்டிலா?” என்று கேட்கிறேன். முதலில் சங்கடப்பட்டார்கள். போன வாரம் அந்த அக்கா நான் கேட்பதற்கு முன்பே, “இன்னைக்குக் கோபம், உங்க மேல இல்ல, எழுதிக்குங்க” என்றார். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்புதானா என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.