கருமணல், செல்போன் டவர், புற்றுநோய்: இயற்பியல் எதுவரை சொல்லும்?

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கருமணலில் கதிரியக்கம் இருக்கிறது, இப்போது ஊருக்குள் செல்போன் டவரும் வந்துவிட்டது, இவற்றில் எது புற்றுநோயை உண்டாக்கும் என்பதை இயற்பியலால் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். குளச்சல் பக்கத்தில் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன்: ஓரளவுக்கு முடியும்.

டி.என்.ஏ. இழையில் அணுக்களுக்கு இடையே உள்ள ஒரு பிணைப்பை அறுக்கச் சில எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் வேண்டும். செல்போன் டவர் அனுப்பும் 2 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானில், அதாவது அந்த அலை சுமக்கும் மிகச் சிறிய ஆற்றல் பொட்டலம் ஒன்றில், இருப்பதோ ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தகைய ஃபோட்டான்கள் எத்தனை கோடி வந்தாலும் திசுவைச் சற்றுச் சூடாக்குமே தவிர, பிணைப்பை அறுக்காது. ஆகவே டவரைப் பற்றிய அச்சத்துக்கு இயற்பியலில் வலுவான அடிப்படை இல்லை என்பதே என் கருத்து.

மணலின் கதை வேறு. (நாம் பயப்படும் அந்தக் கறுப்பு நிறம் பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமத்துக்கு உரியது, கதிரியக்கத் தனிமமான தோரியம் இருப்பது அதனுடன் கலந்து கிடக்கும் மோனசைட் என்ற கனிமத்தின் தேன்நிறத் துகள்களில்.) தோரியம் படிப்படியாகச் சிதையும்போது தோன்றும் தாலியம்-208 வெளிவிடும் காமா ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 26 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். அது செல்லுக்குள் ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட, அந்த எலக்ட்ரான் போகிற வழியில் டி.என்.ஏ.வை நேரடியாகவும் தாக்கலாம், நீர் மூலக்கூறுகளை உடைத்து அவற்றின் சிதறல்கள் வழியாகவும் தாக்கலாம். ஓரிழை மட்டும் அறுந்தால் எதிரிழையைப் பார்த்துச் செல் பழுதுபார்த்துக்கொள்ளும். இரண்டும் அருகருகே அறுந்தால் முனைகள் மாறி ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. எக்ஸ் கதிர்கள் மரபணு மாற்றத்தை ஏற்படுத்தும் என்பதை 1927-லேயே பழ ஈக்களை வைத்து மரபியல் அறிஞர் முல்லர் காட்டிவிட்டார்.

இத்தனைக்கும், இதே வகை மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சின் அளவு கூடக்கூடப் புற்றுநோயும் கூடியதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு அறுபட்ட இழையால் புற்றுநோய் வந்துவிடுவதில்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பல புற்றுநோய்களில் இறப்பு விகிதம் வயதின் ஆறாம் அடுக்கை ஒட்டி ஏறுவதைக் கண்ட ஆய்வாளர்கள் ஆர்மிடேஜும் டோலும், ஒரு செல்லில் ஆறேழு மாற்றங்கள் அடுத்தடுத்துச் சேர வேண்டும் என்று 1954-ல் கணித்தனர். அவற்றில் சில, செல் பிரியும்போது தாமாகவே நேரும் நகல் பிழைகளாகவும் இருக்கலாம். எனவே திருவனந்தபுரத்தின் மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.க்குச் சிகிச்சைக்குப் போகும் ஒருவருக்கு மணலால்தான் நோய் வந்தது என்றோ வரவில்லை என்றோ இயற்பியலால் அறுதியிட முடியாது. ஓர் ஊர் மக்கள் அனைவருக்குமான ஆபத்து எவ்வளவு என்பதையே அது கணக்கிட உதவும்.