அக்காகிட்ட கேளுங்க: யானை, தேயிலை, புத்தர், ஒரே வாரத்துல இலங்கை

போன இதழ்ல என் இலங்கைப் பயணத்தைப் பத்தி நாலு பாரா எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதத்துல பாதிக்கு மேல அதைப் பத்திதான். அதனால இந்த வாரம் சமையல், மாமியார், வீட்டுக்கடன் கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பசங்க (12, 8 வயசு). மொத்தம் 7 நாள் லீவு. ஏஜென்ட் குடுத்த பிளான்ல அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, மிரிச, காலி, கொழும்பு எல்லாமே இருக்கு. முடியுமா?
(திருச்சி வாசகர்)

பதில்: முடியும் தம்பி, எல்லாத்தையும் வேன் ஜன்னல் வழியா பாக்கறதா இருந்தா. மேப்ல பாத்தா சின்னத் தீவுதான், தமிழ்நாட்டுல பாதி அளவு, சுமார் 65,000 சதுர கிலோமீட்டர், ஆனா மலை ரோடு ஏற ஆரம்பிச்சதும் 100 கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம் ஓடிடும், நடுவுல ஒருத்தன் வாந்தி எடுப்பான், ஒருத்திக்கு பாத்ரூம் வரும், சாயங்காலம் போய்ச் சேர்றப்ப எல்லாம் மூடியிருக்கும். முதல் தடவை நானும் இப்படித்தான் ஆசைப்பட்டு பதினோரு ஊரு போட்டேன், வீட்டுக்கு வந்து போட்டோவைப் பாத்தாதான் எங்க போனோம்னே ஞாபகம் வந்துச்சு.

ஏஜென்ட்கிட்ட சொல்லி மிரிச, காலி, அனுராதபுரம் மூணையும் அடிங்க. அனுராதபுரத்தை வெட்டச் சொல்ல எனக்கே மனசு வரல, கிமு 3ஆம் நூற்றாண்டுல அசோகரோட மக சங்கமித்தை கொண்டு வந்து நட்ட போதிமரத்தோட கிளை இன்னும் அங்க நிக்குது, ஆனா அதுக்கு ஒரு நாள் முழுசா குடுக்கணும், உங்க 8 வயசு வாண்டு வெயில்ல நடக்க மாட்டான். மீதியை இப்படி வச்சுக்கங்க. கட்டுநாயக்க ஏர்போர்ட்ல இறங்கி நேரா சிகிரியா பக்கம், நாலு மணி நேரம் ஆகும், அங்க ரெண்டு ராத்திரி. அப்புறம் கண்டி ஒரு ராத்திரி, நுவரெலியா ரெண்டு ராத்திரி, எல்ல வழியா கீழ இறங்கி யால காட்டுக்குப் பக்கத்து ஊரு திஸ்ஸமஹாராமவுல ஒரு ராத்திரி, கடைசியா தெற்கு எக்ஸ்பிரஸ்வேல ஏறி கொழும்பு. கொழும்புல ஒண்ணும் பாக்க வேணாம், தூங்குங்க.

சிகிரியா பாறை சுமார் 200 மீட்டர் உசரம், ஆயிரத்துச் சொச்சம் படி. காலைல கேட் தொறந்ததும் ஏறிடுங்க, பத்து மணிக்கு மேல பாறை தோசைக்கல்லு மாதிரி ஆயிடும். அப்பனைக் கொன்னுட்டு ஆட்சியைப் புடிச்ச காசியப்பன், தம்பி திரும்பி வருவானோன்னு பயந்து 5ஆம் நூற்றாண்டுல அந்தப் பாறை மேல போய் அரண்மனை கட்டிக்கிட்டான், இந்தக் கதையை ஏறுறதுக்கு முன்னாடியே பசங்களுக்குச் சொல்லிடுங்க, கால் வலி தெரியாது. மேல குளவிக்கூடு உண்டு, சத்தம் போடாதேன்னு போர்டே வச்சிருப்பாங்க, அது சும்மா இல்ல.

கண்டியிலிருந்து நானுஓயாவுக்கு ரயில், சுமார் நாலு மணி நேரம், நுவரெலியாவுக்கு அதுதான் ஸ்டேஷன். மழைக்காலத்துல மண் சரிஞ்சு ரயிலை நிறுத்திடுவாங்க, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி ஓடுதான்னு விசாரிச்சுக்கங்க. டிரைவரை லக்கேஜோட ரோட்டு வழியா அனுப்பிட்டு நீங்க கைய வீசிக்கிட்டு ரயில் ஏறுங்க.

கேள்வி: புத்த கோயில்களுக்கு நம்மாளுங்க போய் என்ன பாக்கறது? எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை கோபுரமா இருக்காது? உள்ள போக ஏதாவது ரூல்ஸ் இருக்கா?
(மதுரை வாசகி)

பதில்: உங்க ஊர்க்காரங்க கதையே அங்கதான் இருக்கு, மதுரையில உக்காந்துக்கிட்டு இப்படிக் கேக்கறீங்களே! கண்டியோட கடைசி நாலு ராஜாவும் நாயக்கர் வம்சம், மதுரையிலிருந்து பொண்ணு எடுத்து எடுத்து கடைசில மச்சினனுக்கே கிரீடம் போயிடுச்சு, அது 1739ல. ராஜா ஆனவங்க புத்தமதத்தைத் தாங்கிப் புடிச்சாங்க, அதுல கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் சயாம்லேருந்து பிக்குகளை வரவழைச்சு, அத்துப்போன துறவறச் சடங்கையே 1753ல மறுபடி ஆரம்பிச்சு வச்சான். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், பொறந்தப்ப வச்ச பேரு கண்ணுசாமி. நீங்க கண்டியில பாக்கப் போற அந்த ஏரியும், புத்தரோட பல்லை வச்சிருக்கற தலதா மாளிகை முன்னாடி இருக்கற எட்டுப்பட்டை மண்டபமும் அவன் கட்டினதுதான். 1815ல வெள்ளைக்காரன் புடிச்சு வேலூர் கோட்டையில கொண்டாந்து வச்சான், 1832ல அங்கயே செத்தான், சமாதி பாலாத்தங்கரையில இருக்கு. வேலூர்க்காரங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

தலதா மாளிகையில புத்தரோட பல்லை நேரா பாக்க முடியாது, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஏழு தங்கப் பேழைக்குள்ள இருக்கு. பூஜை நேரத்துல கதவு தொறப்பாங்க, கூட்டம் நகத்திக்கிட்டே போகும், நாலு செகண்ட் தெரியும், அவ்வளவுதான். எனக்குப் பல்லை விட அங்க தாமரையும் அல்லியும் கையில வச்சுக்கிட்டு தரையில உக்காந்திருக்கற பாட்டிங்கதான் மனசுல நின்னாங்க, அப்படியே நம்ம ஊர் மார்கழி மாசம்.

பொலன்னறுவையில கல் விகாரைன்னு ஒரே பாறையில செதுக்கின நாலு புத்தர், படுத்திருக்கறவர் மட்டும் 14 மீட்டர் நீளம். அங்கயே சோழர் காலத்து சிவன் கோயில் ஒண்ணு முழுக் கல்லுல நிக்குது, வானவன் மாதேவி ஈஸ்வரம்னு பேரு. இன்னொண்ணைத் தேடிப் பாருங்க, வேளைக்காரர் கல்வெட்டு. சோழரை விரட்டின சிங்கள ராஜா விஜயபாகு அப்ப பொலன்னறுவையில புத்தர் பல்லுக்குக் கட்டின கோயிலுக்கு, தமிழ் வேளைக்காரப் படை நாங்க காவல்னு எழுதிக் குடுத்த தமிழ்க் கல்வெட்டு. யாரு யாருக்கு எதிரின்னு சின்னப் புள்ளையில படிச்சதெல்லாம் அந்தக் கல்லு முன்னாடி கொஞ்சம் ஆட்டம் கண்டுடும்.

ரூல்ஸ் சிம்பிள்தான்: தோளும் முட்டியும் மூடியிருக்கணும், வெள்ளை உடுப்பு போட்டா சந்தோஷப்படுவாங்க, செருப்பு தொப்பி ரெண்டும் வெளிய. புத்தருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்காதீங்க, அது அங்க பெரிய அவமரியாதை. கையில புத்தர் டாட்டூ இருந்தா முழுக்கை சட்டை போட்டுக்கங்க, அதுக்காக ஆளைத் திருப்பி அனுப்பியிருக்காங்க. அப்புறம் சாக்ஸ் ஒரு ஜோடி பையில போட்டுக்கங்க, மத்தியானம் அந்தக் கல்லுல கால் வைக்க முடியாது.

கேள்வி: யாலவுல சிறுத்தை கண்டிப்பா தெரியுமாக்கா? ஜீப்காரர் கேரண்டின்னு சொல்றார்.
(கோவை வாசகர்)

பதில்: கேரண்டின்னு சொன்ன ஜீப்புல ஏறாதீங்க. நான் போனப்ப என் ஜீப்காரரும் அதேதான் சொன்னார், எங்கயோ சிறுத்தைன்னு போன் வந்ததும் பள்ளம் மேடு பாக்காம ஓட்டி என் முதுகெலும்பை எண்ண வச்சுட்டார், போய்ப் பாத்தா முப்பது ஜீப்பு, நடுவுல ஒரு மரம், மரத்துல ஒரு வாலு. வாலை நான் பாத்தேன், பொய் சொல்லல.

அடுத்த நாள் வேற டிரைவர், வயசானவர், அவர்கிட்ட "ஐயா எனக்கு சிறுத்தையே வேணாம், மெதுவா போங்க"ன்னேன். குளத்து ஓரமா வண்டியை ஆஃப் பண்ணிட்டு உக்காந்தோம், எருமை மேல கொக்கு, முதலை, மயில், காட்டுப்பன்னி குடும்பம், ஒரு கொம்பன் யானை. இலங்கை யானையில ஆம்பளைக்கே தந்தம் இருக்கறது நூத்துக்கு ஏழெட்டுதான், அதனால கொம்பனைப் பாத்தா அவங்களே கையெடுத்துக் கும்பிடறாங்க. ஜூன், ஜூலையில பாலைப்பழம் பழுக்கும், அதைத் திங்க கரடி வரும், அந்த சீசன் கிடைச்சா விடாதீங்க. செப்டம்பர், அக்டோபர் வாக்குல வறட்சிக்காக யாலவை கொஞ்ச வாரம் மூடுவாங்க, தேதியை முன்னாடியே கேட்டுக்கங்க.

யானைதான் முக்கியம்னா யாலவை விட்டுட்டு ஆகஸ்ட், செப்டம்பர்ல மின்னேரியா போங்க. மகாசேனன்கிற பழைய ராஜா வெட்டின குளம், தண்ணி வத்த வத்த ஓரத்துல புல்லு முளைக்கும், சுத்துக் காட்டு யானையெல்லாம் அங்க இறங்கும், நூத்துக்கணக்குல. மத்த மாசம்னா உடவளவை. அங்கயே தாயில்லாத குட்டிகளை வளர்த்துத் திரும்பக் காட்டுல விடற இடம் இருக்கு, 1995லேருந்து நடத்தறாங்க, பால் குடுக்கற நேரத்துல தள்ளி நின்னு பாக்கலாம், தொட விட மாட்டாங்க. தொட விடாததனாலதான் அதைச் சொல்றேன். யானை சவாரின்னு எவனாவது கூப்பிட்டா போகாதீங்க.

யால போனா சாயங்காலம் சும்மா இருக்காம பக்கத்துல கதிர்காமம் போய்ட்டு வாங்க. சந்நிதியில சிலை இல்ல, முருகன் படம் போட்ட திரைதான், பூசாரி வாயைத் துணியால கட்டிக்கிட்டு பூஜை பண்றார், சிங்களவங்களும் நம்மாளுங்களும் ஒரே வரிசையில பழத்தட்டோட நிக்கறாங்க.

கேள்வி: நாங்க அஞ்சு ஃப்ரெண்ட்ஸ், கல்யாணத்துக்கு முன்னாடி ஜாலி டிரிப். பௌர்ணமிக்குப் போனா நிலா வெளிச்சத்துல பீச் செமையா இருக்கும்ல?
(சென்னை வாசகர்)

பதில்: நிலா இருக்கும், நீங்க நினைக்கிற இன்னொண்ணு இருக்காது. பௌர்ணமி அங்க போயா, மாசாமாசம் கவர்மென்ட் லீவு, அன்னிக்கு சாராயமும் விக்க மாட்டாங்க, கறிக்கடையும் மூடியிருக்கும். அதுவே வைகாசிப் பௌர்ணமின்னா ஊர் முழுக்க கூடு விளக்கு கட்டி, ரோட்டுல நிறுத்தி சும்மா சாப்பாடு போடுவாங்க. மாப்பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் அன்னதானம் சாப்பிட வைங்க.

கேள்வி: அக்கா, எங்க தாத்தா 70கள்ல சிலோன்லேருந்து கூடலூர் டான்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலை) தோட்டத்துக்கு வந்தவர். இப்ப இல்ல. ஹட்டன் பக்கம் தோட்டம்னு மட்டும் தெரியும். டூர் போறப்ப அந்த இடத்தைப் பாக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. எப்படித் தேடறது?
(கூடலூர் வாசகி)

பதில்: உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன்மா. மத்தவங்களுக்கும் தெரியட்டும்னு கொஞ்சம் சொல்றேன். 1820கள்லேருந்து காப்பித் தோட்டத்துக்குன்னு நம்ம ஜனங்களைக் கூட்டிட்டுப் போனாங்க, ராமேஸ்வரம் பக்கம் தோணி ஏறி, மன்னார்ல இறங்கி, காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை, வழியில செத்தவங்களுக்குக் கணக்கு இல்ல. 1869ல காப்பியில இலைத்துரு நோய் வந்து எல்லாம் போச்சு, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஜேம்ஸ் டெய்லர்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கண்டி பக்கம் லூல்கந்துரவுல தேயிலை போட்டிருந்தார், அதுதான் மலை முழுக்கப் பரவுச்சு. 1948ல குடியுரிமைச் சட்டம் போட்டு இவங்களை நாடில்லாதவங்க ஆக்கினாங்க, 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் உக்காந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. அப்படி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் நீலகிரியில டான்டீ வந்துச்சு.

தேடறதுக்கு முதல்ல வீட்டுல பழைய டிரங்குப் பெட்டியைக் கவுத்துப் பாருங்க, பாஸ்போர்ட், மண்டபம் முகாம்ல குடுத்த குடும்ப அட்டை, கடுதாசி, எதுலயாவது தோட்டத்துப் பேரு இருக்கலாம். ஒரு விஷயம், தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வச்ச பேரு ஒண்ணு, நம்மாளுங்க கூப்பிடற தமிழ்ப் பேரு ஒண்ணு, கூகுள்ல ரெண்டாவது பேரு கிடைக்காது. அதனால ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் ரெண்டு நாள் தங்கி கோயில்லயும் டீக்கடையிலயும் பெரியவங்ககிட்ட வாய் விட்டுக் கேளுங்க. எத்தனாம் நம்பர் லயம் (தோட்டத்து வரிசை வீடு), கங்காணி பேரு என்ன, கோயில்ல எந்த சாமி, இதெல்லாம் அப்பாவுக்கு ஞாபகம் இருந்தா இப்பவே எழுதி வைங்க, அங்க அதுதான் அட்ரஸ்.

லயத்துக்குப் போனா கேட்டுட்டு உள்ள போங்க, அது அவங்க வீடு. டூர் பஸ்ஸுல வர்றவங்க கொழுந்து பறிக்கற அம்மாவை நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க, அந்த அம்மாவுக்கு அன்னிக்கு பதினெட்டு கிலோ பக்கம் பறிச்சாதான் முழுப்பேரு, அதாவது முழு நாள் கூலி, நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. அந்தப் பதினெட்டு கிலோ ஃபேக்டரிக்குப் போய், வாட்டி, உருட்டி, காய வச்சா வர்றது நாலு கிலோ தூள்தான். பேசணும்னா சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுட்டு வர்றப்ப பேசுங்க. அப்பாவைப் பேச விட்டுட்டு நீ சும்மா பக்கத்துல நில்லு.

கேள்வி: விசா, பணம்?
(சேலம் வாசகர்)

பதில்: விசா விதி அடிக்கடி மாறுது, இலங்கை அரசோட ஈடிஏ (ஆன்லைன் பயண அனுமதி) சைட்டையே பாருங்க, அதே மாதிரி பேருல இருக்கற போலி சைட்டுல காசு கட்டாதீங்க. நம்ம ஒரு ரூபாய்க்கு அங்க மூணு ரூபாய்க்கு மேல வரும், உடனே பணக்காரங்க ஆயிட்டோம்னு நினைக்காதீங்க, விலையும் அப்படித்தான். டிக்கெட் கவுண்டர்ல பாஸ்போர்ட்டைக் காட்டி சார்க் (தெற்காசிய) நாட்டு ரேட் இருக்கான்னு கேளுங்க, சொல்லாம விட்டுடுவாங்க.

கேள்வி: வீட்டுக்கு எந்த டீ வாங்கறது? கடையில நூறு டப்பா வச்சிருக்காங்க.
(தஞ்சாவூர் வாசகி)

பதில்: வீட்டுல பால் ஊத்திக் குடிப்பீங்கன்னா ருஹுணு, ரத்தினபுரி மாதிரி தாழ்நாட்டு டீ, பொடி சைஸ்ல. கறுப்பா இறங்கும், பாலைத் தாங்கும். நுவரெலியா டீ லேசு, வெறும் தண்ணியில போட்டு அப்படியே குடிக்கணும். எனக்கு அப்ப இது தெரியல, டப்பா அழகா இருக்குன்னு நுவரெலியா டீயை விலை குடுத்து வாங்கிட்டு வந்து, எருமைப் பால் ஊத்தி, ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டு மாமியார் கையில குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு, "பால் நல்லாருக்கு, டீ எப்ப போடுவே?"ன்னாங்க.