கூட இருக்க ஆள் இல்லாத வார்டு: ஒரு நர்ஸின் பதில்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் 22 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். கொரோனாவின் முதல் அலையிலும் இரண்டாம் அலையிலும் வார்டில் இருந்தேன். அந்தக் காலம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் விதத்தை எப்படி மாற்றியது, வேறு வேலையில் இருந்தவர்கள் எப்படித் தொண்டுக்கு வந்தார்கள் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், கவச உடை, முகக்கவசம் எல்லாம் தெரியும். அதைத் தவிர மருத்துவமனைக்குள் உண்மையில் மாறியது எது? (நர்சிங் மாணவி, தொண்டி)

கூட இருக்கும் ஆள் இல்லாமல் போனதுதான் அம்மா, எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம். நம்ம பக்கம் ஒருவர் அட்மிட் ஆனால் பாயும் தூக்குவாளியுமாகக் குடும்பமே வந்து இறங்கும். கஞ்சி வாங்கிக் கொடுப்பது, மாத்திரையை ஞாபகப்படுத்துவது, கைத்தாங்கலாக பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது, ராத்திரி கால் பிடித்துவிடுவது எல்லாம் அவர்கள்தான். எங்கள் வேலையில் எவ்வளவோ பங்கை அவர்கள் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருந்தார்கள். 2020இல் அவர்களை வாசலோடு நிறுத்திய பிறகுதான் அது எங்களுக்கே புரிந்தது.

முதல் வாரத்திலேயே பார்த்தேன். சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிலில் பிரிக்காமல் கிடக்கும். மூக்கில் ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டியவரால் அதைக் கழற்றிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப மாட்ட முடியாது. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கக்கூட கையில் பலம் இருக்காது. சாப்பாடு வந்ததா என்று கேட்பது போதாது, சாப்பிட்டாரா என்று பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் அப்போது வந்ததுதான்.

குப்புறப் படுக்க வைப்பதும் அப்படித்தான். குப்புறப் படுத்தால் நுரையீரலின் பின்பக்கத்துக்கும் காற்று நன்றாகப் போகும், பலருக்கு ஆக்ஸிஜன் அளவு ஏறும். ஆனால் எழுபது வயது ஐயாவிடம் நான் சொன்னால் கேட்பாரா? மகனுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தோம். அவன் அந்தப் பக்கம் தரையில் குப்புறப் படுத்துக் காட்டி, "இப்படித்தான்ப்பா" என்றான். உடனே திரும்பிப் படுத்தார். அன்றைக்கிலிருந்து வீட்டாரோடு பேச வைப்பதையும் சிகிச்சையில் ஒன்றாக நோட்டில் எழுத ஆரம்பித்தோம். தினமும் சாயங்காலம், ஒரே நேரம், ஒரே ஆள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்கு குளிக்கும் தொழிலாளி ஒருவர் நடந்தே வந்தார், நன்றாகப் பேசினார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினால் 84, ரொம்பக் குறைவு. "எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், கடலுக்குள்ள இதைவிட மூச்சடக்கியிருக்கேன்" என்றார். கொரோனாவில் சிலருக்கு மூச்சு முட்டுவது தெரியாமலே ஆக்ஸிஜன் அளவு இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஆளைப் பார்த்து மட்டும் நான் எதையும் முடிவு செய்வதில்லை. நீங்களும் செய்யாதீர்கள். கடலில் பாசி எடுத்துவிட்டு ஈரக் கையோடு வரும் பெண்களுக்கு விரல் சில்லிட்டிருக்கும், கருவியும் தப்பாகக் காட்டும். துடைத்து, தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய். டாக்டர் வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லியிருக்கிறார். சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? (விசைப்படகு ஓட்டுநர், மண்டபம்)

அண்ணே, இரண்டாம் அலையில், 2021 மே மாதம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமான கணக்கு இது. சின்ன பி வகை சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர், பெரிய டி வகையில் ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வைக்கிறீர்களோ அதால் வகுத்துவிடுங்கள். நிமிஷத்துக்கு 5 லிட்டர் என்றால் சின்னது 300 நிமிஷம், அதாவது 5 மணி நேரம். 2 லிட்டர் என்றால் 12 மணி நேரத்துக்கு மேல். இது நிரம்பிய சிலிண்டருக்கு. தீரும்வரை காத்திருக்காதீர்கள், கால்வாசி இருக்கும்போதே அடுத்ததைத் தயாராக வையுங்கள். காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கரண்ட் போனால் நின்றுவிடும், அதனால் அது இருந்தாலும் ஒரு சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும்.

நீங்கள் படகுக்காரர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். டீசலும் கிரீஸும் பட்ட கையோடு வால்வைத் தொடவே கூடாது. அழுத்தத்தோடு வரும் ஆக்ஸிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, கையை நன்றாகத் துடைத்த பிறகுதான். பீடியும் அடுப்பும் அந்த அறைப்பக்கமே வேண்டாம். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். அப்புறம், அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதே என்று பதறி நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். இந்த நோய் உள்ள பலருக்கு ஆக்ஸிமீட்டரில் 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று டாக்டர்கள் வைப்பார்கள். அதிகமாகக் கொடுத்தால் கரியமில வாயு உடம்பில் தங்கி மயக்கத்தில் கொண்டுவிடும்.

எங்கள் கடையில் 14 பேர் வேலை செய்கிறோம். மருத்துவமனைக்கு ஏதாவது செய்ய ஆசை. கொரோனா காலத்தில் உண்மையிலேயே உதவியாக இருந்தது எது? (ஜவுளிக்கடை ஊழியர், கீழக்கரை)

சின்னதாக, தெளிவாக, தினமும் நடந்த வேலைகள்தான் தம்பி. ஊரடங்கு 2020 மார்ச் 25இல் தொடங்கியது. பஸ் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? வேன் வைத்திருந்தவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கிக் கூட்டிவந்தார்கள். நான் அறிந்த ஒரு வங்கி ஊழியர் வேலை முடிந்ததும் 40 வீடுகளுக்கு போன் செய்வார். காய்ச்சல் எவ்வளவு, ஆக்ஸிஜன் எவ்வளவு, சாப்பிட்டீர்களா, மூன்றே கேள்வி. அளவு 94க்குக் கீழே போனால் உடனே எங்களுக்குச் சொல்வார். மருத்துவம் படித்தவர் இல்லை. ஆனால் எண்ணைத் தப்பில்லாமல் எழுதுவார், ஒரு நாளும் விடமாட்டார். அந்த நோட்டால் எத்தனையோ பேர் நேரத்தோடு வந்து சேர்ந்தார்கள்.

படகு கட்டும் பட்டறையில் வெல்டிங் பார்த்தவர் ஒருவரும் வந்தார். 2021இல் மருத்துவமனைகளுக்காகத் தொழிற்சாலைகளுக்கு ஆக்ஸிஜனை நிறுத்தியதால் அவருக்கு வேலை இல்லை. சிலிண்டர் மாற்றுவது, கசிவு பார்ப்பது எல்லாம் கைவந்த கலை. எங்கள் வார்டு பையன்களுக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார். தனக்குத் தெரிந்த தொழிலோடு வருபவரை நான் இரண்டு கையாலும் வரவேற்பேன்.

உங்கள் கடைக்கு என் யோசனை: 14 பேரும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஆளுக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம், மூன்று மாதம் தொடர்ந்து வருவோம் என்று நர்ஸிங் சூப்பரின்டென்டன்டிடம் பேசுங்கள். ஓபியில், அதாவது வெளிநோயாளர் பிரிவில், தனியாக வரும் முதியவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொடுத்து, எக்ஸ்ரே அறை வரை கூட்டிப்போய்த் திரும்ப பஸ் ஏற்றிவிட்டால் போதும். முதலாளி அந்த இரண்டு மணி நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கமாட்டார் என்பதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் அன்றைக்கு வரவேண்டாம்.

நர்ஸ்கள் டியூட்டி முடிந்தும் தொண்டு செய்தார்கள் என்கிறார்களே, எல்லாம் விருப்பத்தோடுதானா? (ராமேஸ்வரம்)

எல்லாம் அப்படி இல்லை. நான் அப்போது இருந்த இடத்தில் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் தன்னார்வலர் பட்டியல் என்று ஒட்டியிருந்தார்கள். என் பெயரும் இருந்தது, யாரும் என்னைக் கேட்கவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த பெண்ணின் பெயரும் இருந்தது. அதைக் கண்டு நான் கோபப்பட்டேன், இன்றும் அந்தக் கோபம் சரியென்றே நினைக்கிறேன். அதே மாதம் யாரும் சொல்லாமலே நாங்கள் ஆறு பேர் லீவு நாளில் மீனவர் தெருக்களில் தடுப்பூசி பற்றிப் பேசப் போனோம். களைத்திருந்தோம், ஆனால் மனசு பாரமாக இல்லை. கேட்டுவிட்டுப் பெயர் போடுங்கள், முடியாது என்றால் விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர். போனிலேயே டாக்டரைப் பார்ப்பது இனியும் சரியா? (தேவிபட்டினம்)

மாத்திரையைத் தொடர்வது, பரிசோதனை முடிவைக் காட்டுவது இதற்கெல்லாம் சரி. போன் வழி மருத்துவத்துக்கு 2020 மார்ச்சிலேயே இந்திய அளவில் நெறிமுறை வந்துவிட்டது. நெஞ்சுவலி, வாய் கோணல், மூச்சுத்திணறல், ஆறாத கால் புண் என்றால் போனை வைத்துவிட்டு நேரில் போங்கள். 108 இருக்கிறது. வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், அது 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியது, அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அக்கா, அந்த மே மாதம் நான் தன்னார்வலராக வீடுகளுக்கு போன் செய்தேன். தினமும் பேசிய ஒரு அம்மா இறந்துவிட்டார். இன்னும் அந்த நம்பரை அழிக்க முடியவில்லை. (பாம்பன்)

அழிக்காதே கண்ணு, அவசரம் ஒன்றுமில்லை. ஆள் இல்லாத வார்டில் கடைசியாக யாரோடு பேசினார்கள் என்பதை நாங்கள் வீட்டாரிடம் சொல்வோம். அவர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அந்த அம்மாவின் பிள்ளைகளிடம் நீ இதுவரை பேசவில்லை என்றால், ஒரு நாள் போய்ப் பார். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எனக்குச் சொல், நானும் வருகிறேன்.