சிக்னல் ஃபுல்லாகக் காட்டியும் கால் ஏன் கட்டாகிறது?

‘சிக்னல் ஃபுல்லாகக் காட்டுகிறது, ஆனால் வீட்டுக்குள் பேசினால் பாதியில் கட்டாகிறது, புதுப் போன் வாங்கலாமா, பூஸ்டர் போடலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். கோளாறு போனிலா, சுவரிலா, டவரிலா என்று காசு செலவில்லாமலே கண்டுபிடிக்கலாம்.

முதலில் அந்தக் கோடுகளை நம்புவதை விடுங்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. எண்ணைப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் ‘சிக்னல் ஸ்ட்ரெங்த்’ என்று டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) கணக்கில் இருக்கும். அது மைனஸ் எண், மைனஸுக்குப் பின்னால் எண் சின்னதாக இருந்தால் நல்லது. ஐபோனில் *3001#12345#* டயல் செய்யுங்கள். 4ஜியில் மைனஸ் 90-க்குள் இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 105 வரை பேச்சு ஓடும். 115-ஐத் தாண்டினால் குரல் விட்டுவிட்டு வரும், 120-ல் கால் நிற்பதே கஷ்டம். இந்தக் கணக்கில் மைனஸுக்குப் பின்னால் உள்ள எண் 10 கூடினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். 95-க்கும் 105-க்கும் சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

அதே நெட்வொர்க் சிம் உள்ள இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு வித்தியாசம் சகஜம். உங்கள் போன் மட்டும் எந்த இடத்திலும் பத்துக்கு மேல் பின்தங்கினால் கோளாறு போனில். உலோகத் தகடு வைத்த கவர் இருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். டிஸ்ப்ளே, பேட்டரி, சார்ஜிங் போர்டு ஏதாவது சமீபத்தில் மாற்றினீர்களா? அப்படியென்றால் பெரும்பாலும் ஆன்டெனா கேபிள்தான். பல மாடல்களில் கீழேயுள்ள சார்ஜிங் போர்டிலிருந்து மேலேயுள்ள மதர்போர்டுக்கு நூல் போல மெல்லிய ஒரு வயர் ஓடும். இரு முனையிலும் சட்டைப் பிரஸ் பட்டன் மாதிரி குட்டிக் கனெக்டர். சரியாக அமுக்காமல் மூடினாலும் போன் ஆன் ஆகும், நெட்டும் கொஞ்சம் வரும், சிக்னல் மட்டும் படுத்துவிடும். கடைக்காரரிடம் ‘சிக்னல் இல்லை’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘ஆன்டெனா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்’ என்றே கேளுங்கள்.

வெளியே 85, உள்ளே 112 என்றால் வீட்டின் கான்கிரீட்டும் கம்பியும்தான் காரணம். இந்தியாவில் 5ஜி பரவலாக ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் துளைப்பதில் மோசம். 4ஜிக்குப் பயன்படும் 850, 900 எல்லாம் எவ்வளவோ தேவலை. நெட்வொர்க் மோடை 4ஜிக்கு மாற்றிப் பேசிப் பாருங்கள். வோல்ட்டி (4ஜி வழியாகவே பேச வைக்கும் வசதி) ஆனில் இருக்கட்டும். (‘5ஜி போன் வாங்கிவிட்டு 4ஜியில் பேசுவதா’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: டவுன்லோடுக்குத் திரும்ப மாற்றிக்கொள்ளுங்கள், பேச்சுக்கு அந்த வேகம் தேவையே இல்லை.)

வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் வைஃபை காலிங்தான், அதாவது டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகப் பேசுவதுதான், உண்மையான மருந்து. ஆன் செய்தும் வேலை செய்யவில்லையென்றால் ரௌட்டர் செட்டிங்கில் ஐபிசெக் பாஸ்த்ரூ (இந்தக் கால்கள் போகும் பூட்டிய பாதையை அனுமதிக்கும் வசதி) அடைபட்டிருக்கிறதா பாருங்கள். யுடிபி 500, 4500 போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே வாசலைத் தாண்டும்போது கட்டானால், வைஃபையிலிருந்து டவருக்கு மாறும் இடத்தில் விடுகிறது என்று பொருள்.

சிக்னலைப் பெருக்கிக் கொடுப்பதாக ஆன்லைனில் விற்கும் பூஸ்டரைத் தொடாதீர்கள். அனுமதியில்லாமல் மாட்டுவது சட்டப்படி குற்றம், அதோடு அது டவரை நோக்கி இரைச்சலையும் சேர்த்துக் கத்தும். அந்த டவரில் இருக்கும் அக்கம்பக்கத்துக்காரர்களின் கால்கள் அதனால்தான் கட்டாகும். ஒருவேளை உங்கள் கால் கட்டாவதற்கே பக்கத்து வீட்டு பூஸ்டர் காரணமாக இருக்கலாம்: எண் 85, 90 என்று நன்றாக இருந்தும் விட்டுப் போனால் இந்த இரைச்சலையோ டவர் நெரிசலையோதான் சந்தேகிக்க வேண்டும். அதற்கு உங்கள் போனில் செய்ய ஒன்றுமில்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கால் கட்டானால் ஒரு ரூபாய், நாளுக்கு அதிகபட்சம் மூன்று ரூபாய் நஷ்டஈடு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதியை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சட்டக் காரணம் இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் குரல் கேட்காமல் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திவிட்டு நாமே வைத்தால் கணக்கில் அது முறையாக முடிந்த கால். கால் டிராப்பே அல்ல. பாதிக்கப்பட்டவன் பட்டியலிலேயே இல்லை.

அதனால் புகாரை எண்ணோடு கொடுங்கள். உங்கள் நெட்வொர்க்கின் புகார் எண்ணான 198-க்கு அழைத்து இடம், நேரம், வெளியே எத்தனை டிபிஎம், உள்ளே எத்தனை என்று சொல்லி டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) வாங்குங்கள். ‘சிம்மை மாற்றிப் பாருங்கள் சார்’ என்பார்கள். மாற்றுவதானால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, பேங்க் ஓடிபியும் சேர்த்துத்தான். அவசரப் பணம் எதையும் முன்னாலேயே அனுப்பிவிடுங்கள்.