பனிக்காலமும் சிறு குப்பித் தைலங்களும்: வாசகர் கேள்வி–பதில்

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எசன்ஷியல் ஆயில் எனப்படும் நறுமணத் தைலங்களைப் பற்றியே கேட்டிருந்ததால், இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இம்முறை எழுதியவர்கள் அனைவரும் குமரி மாவட்ட வாசகர்கள்.

அம்மா, பெங்களூரில் இருக்கும் என் மதினி கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது, சிறு குப்பிகள் அடுக்கிய எசன்ஷியல் ஆயில் பெட்டி ஒன்றைத் தந்தார். லாவெண்டர், யூகலிப்டஸ், புதினா, டீ ட்ரீ, எலுமிச்சை என்று எழுதியிருக்கிறது. நம் ஊரில் ஸ்வெட்டர் போடும் அளவுக்குக் குளிர் இல்லையே, இவற்றால் நமக்கு என்ன பயன்? – வாசகி, குலசேகரம்

ஊட்டிக் குளிர் நமக்கு இல்லை என்பது சரிதான். ஆனால் மார்கழி விடியலில் குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்குவதில்லை; அடியில் வெள்ளையாகக் கட்டி நிற்கிறது. 24 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால் அது உறையும். கடற்கரை ஊர்களைவிடப் பேச்சிப்பாறைப் பக்கமும் உங்கள் குலசேகரத்துப் பக்கமும் இதை அதிக நாள் பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழை விலகியதும் காற்றில் ஈரம் குறைகிறது, முழங்கையும் கணுக்காலும் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கின்றன, உதடு வெடிக்கிறது. நம் பனிக்காலத்துத் தேவை இவ்வளவுதான், இதற்கு முதல் மருந்து உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெயே தவிர மதினி தந்த பெட்டி அன்று.

இதைச் சற்று விளக்க வேண்டும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கொழுப்பு. அவை தோலின் மேல் படிந்து உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காக்கின்றன. நறுமணத் தைலம் கொழுப்பே அன்று. இலை, பூ, பட்டை ஆகியவற்றை நீராவியில் வடித்தோ, எலுமிச்சை போன்றவற்றின் தோலைப் பிழிந்தோ எடுக்கும், காற்றில் பறந்துவிடும் பொருள்களின் செறிவு அது. தோலுக்கு அது ஈரம் தருவதில்லை. நேரடியாகத் தடவினால் எரிச்சலும் ஒவ்வாமையும்தான் வரும். ஆகவே வேலை செய்வது தேங்காய் எண்ணெய், மணம் கூட்டுவது குப்பித் தைலம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அளவைப் பொறுத்தவரை, 1 மில்லி என்பது ஏறத்தாழ 20 சொட்டு. உடலில் தடவுவதற்கு 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 20 சொட்டு லாவெண்டர் கலந்தால் அது ஒரு சதவீதம். பெரியவர்களுக்கு இதுவே போதும், முகத்துக்கு இதிலும் பாதி போதும். உறைந்த எண்ணெயை அடுப்பில் காய்ச்ச வேண்டாம், குப்பியை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தினால் இளகிவிடும். அது ஆறிய பிறகே தைலத்தைச் சேர்க்க வேண்டும், சூட்டோடு சேர்த்தால் மணம் பறந்துவிடும். கலவையை முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் பொறுத்து, சிவப்போ அரிப்போ இல்லையென்றால் பயன்படுத்துங்கள். குளித்தவுடன் துவர்த்தால் ஒற்றியெடுத்துவிட்டு, உடலில் ஈரம் இருக்கும்போதே தடவுவது நல்லது.

லாவெண்டர் தூக்கம் தரும் என்பார்கள். அதன் மணம் மனத்துக்கு இதமாக இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை; தூக்க மாத்திரையை அது மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இப்போது நம் நாட்டிலேயே, ஜம்முவின் பதர்வா பகுதியில், லாவெண்டர் பயிரிடப்படுகிறது. மாலைப் பொழுதில் நம் தோவாளைப் பிச்சிப்பூ ஒரு முழம் தலைமாட்டில் இருந்தாலும் இதே இதம் கிடைக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். அதிகாலை நான்கு மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல், செருப்பில்லாத நடை. குதிகால் வெடித்துவிட்டது. குளிக்கும் வாளியில் புதினாத் தைலம் சில சொட்டு விடலாமா? – வாசகர், தக்கலை

விடக்கூடாது. தைலம் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, நீங்கள் கோரும் முதல் செம்பில் மொத்தமும் வந்து உடலில் விழும். புதினாவாக இருந்தால் கண்ணும் மென்மையான இடங்களும் எரியும்.

குதிகாலுக்கு நறுமணம் தேவையில்லை. இரவு படுக்கும் முன் காலைக் கழுவித் துடைத்து, வெறும் தேங்காய் எண்ணெயையோ வாசலினையோ வெடிப்பில் அழுத்தித் தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். விரதக் காலத்தில் எண்ணெய் தொடலாமா என்பதை உங்கள் குருசாமியிடம்தான் கேட்க வேண்டும், அதில் எனக்கு உரிமை இல்லை. காலையில் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டு நடங்கள், ஈரத் தரையில் வழுக்கும். சர்க்கரை நோய் உள்ளவராக இருந்து, வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசிந்தால் மலையேறும் முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

எட்டு மாதக் குழந்தைக்குச் சளி. மாமியார் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறார். இப்போது பச்சைக் கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் சேர்த்து நெஞ்சிலும் மூக்கின் கீழும் தடவ வேண்டும் என்கிறார். எதிர்த்துப் பேசவும் தயக்கமாக இருக்கிறது. – வாசகி, அஞ்சுகிராமம்

தயக்கம் வேண்டாம், இந்தப் பக்கத்தையே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் அன்பில் குறையில்லை, ஆனால் இதில் ஆபத்து இருக்கிறது.

மூக்கில் விடும் எண்ணெய், அது எந்த எண்ணெயாக இருந்தாலும், மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கக்கூடும். கற்பூரமும் யூகலிப்டஸும் அதனினும் கடுமையானவை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகே கற்பூரமோ, புதினாவில் இருக்கும் மெந்தாலோ, யூகலிப்டஸோ தடவினால் மூச்சுக்குழல் சுருங்கித் திணறல் ஏற்படலாம். சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் வலிப்பு வரலாம். பெரியவர்களிலும் வலிப்பு நோய் உள்ளவர்கள் கற்பூரத்தையும் யூகலிப்டஸையும் விலக்குவதே நல்லது. கடையில் விற்கும் நெஞ்சுத் தைலங்களிலும் இவையே இருக்கின்றன என்பதால், டப்பாவில் அச்சிட்டிருக்கும் வயது வரம்பைப் படியுங்கள்.

எட்டு மாதக் குழந்தையின் மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும்; பால் கொடுப்பதற்குச் சற்று முன் விட்டால் குழந்தை மூச்சு முட்டாமல் குடிக்கும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும் வேளையில் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 50 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாமியாரின் கைப்பக்குவத்துக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை: வெறும் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கிக் குழந்தையின் கை, கால், முதுகில் அவர் நீவிவிடட்டும்.

எனக்கு ஆவி பிடித்தால்தான் மூக்கடைப்பு விடுகிறது. ஒரு சட்டித் தண்ணீருக்கு எத்தனை சொட்டு? – வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பெரியவர்களுக்கு யூகலிப்டஸ் இரண்டு சொட்டு, மிஞ்சினால் மூன்று. கொதிக்கும் சட்டியை மடியிலோ கட்டிலிலோ வைக்காமல் தரையில் அசையாத இடத்தில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின் சில நிமிடம் பொறுத்து, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை ஒரு முழம் தள்ளி வைத்துப் பிடியுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். போர்வைக்குள் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஆவி பிடிப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் ஆண்டுதோறும் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

மூக்கு விடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். மெந்தாலும் யூகலிப்டஸும் மூக்கின் உட்புறத்தில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் காற்று தாராளமாகப் போவது போன்ற உணர்வு வருகிறது. அடைப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்த நிம்மதியும் வேண்டியதுதான். ஆனால் பத்து நாளுக்கு மேல் நீடித்தாலோ, முகம் ஒரு பக்கமாக வலித்துக் காய்ச்சல் வந்தாலோ ஆவியை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தைல ஆவியே இழுப்பைக் கிளப்பிவிடுவதுண்டு, அவர்கள் வெறும் வெந்நீரோடு நின்றுகொள்ளலாம்.

நான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினால் விரல் மடங்காது, முட்டு வலிக்கும். ஊட்டியிலிருந்து வாங்கி வந்த வின்டர்கிரீன் தைலத்தைக் காலையும் மாலையும் தேய்க்கிறேன். இதய நோய்க்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் சாப்பிடுகிறேன். – வாசகர், கீரிப்பாறை

மாத்திரையைப் பற்றி நீங்களாகவே எழுதியது நல்லதாயிற்று. வின்டர்கிரீன் தைலம் முழுவதுமே ஏறக்குறைய மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருள். அது ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டித் தைலத்தில் சுமார் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு ஈடான சத்து இருக்கிறது. தேய்த்தால் அது தோல் வழியாக இரத்தத்தில் கலக்கிறது. நீங்கள் சாப்பிடுவது வார்ஃபரின் போன்ற மாத்திரையாக இருந்தால் அதன் வேகம் கூடி, ஈறிலோ சிறுநீரிலோ மலத்திலோ இரத்தம் கசியும் நிலை வரலாம். ஆகவே தைலத்தை இன்றே நிறுத்திவிட்டு, அடுத்த முறை இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இதுவரை தேய்த்து வந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

விறைப்புக்குச் சூடுதான் மருந்து. தோட்டத்துக்குப் புறப்படும் முன் பொறுக்கும் சூட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் கைகளைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, விரல்களை மெல்ல மடக்கி நீட்டி, பிறகு நல்லெண்ணெய் தொட்டு நீவுங்கள். கத்தி பிடிக்கும் முன் உள்ளங்கையைத் துடைத்துவிடுங்கள். காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து விரல் கணுக்கள் வீங்கினால் அது குளிரின் வேலையாக இல்லாமல் மூட்டுவாதமாக இருக்கக்கூடும், அதற்குப் பரிசோதனை தேவை.

இதய நோயோ அந்த மாத்திரையோ இல்லாத மற்றவர்களும் இந்தத் தைலத்தைத் தேய்த்த இடத்தில் துணியால் இறுகக் கட்டவோ ஒத்தடம் கொடுக்கவோ கூடாது, தோல் கொப்புளித்துவிடும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

பனி பட்டால் பல் கூசுகிறது. வீட்டில் கிராம்புத் தைலம் இருக்கிறது. – வாசகி, குழித்துறை

2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு நம் மலையோரத்தில் விளைவது. மணமும் காரமும் கூடிய பொருள் என்பதால் அளவில் கவனம் வேண்டும். அதிலிருக்கும் யூஜெனால் வலியை மரக்கச் செய்கிறது, பல் மருத்துவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சொட்டுத் தைலத்தை ஐந்தாறு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் கலந்து, தீக்குச்சி முனையளவு பஞ்சில் தொட்டு, வலிக்கும் பல்லில் மட்டும் வையுங்கள். நேரடியாக ஊற்றினால் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்துவிடும். இது மருத்துவரைப் பார்க்கும் வரை ஓர் இரவைத் தள்ளுவதற்கான வழி மட்டுமே. சொத்தை இதனால் ஆறாது. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் இதைத் தேய்க்கக் கூடாது.

இவற்றைத் தேனில் கலந்து குடித்தால் இருமல் போகும் என்கிறார்களே? – வாசகர், திங்கள்நகர்

குடிக்கக் கூடாது. துளசி இலையைக் கஷாயம் வைத்துக் குடிப்பது வேறு, அதன் தைலத்தை விழுங்குவது வேறு. குழந்தைகள் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தைலம் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு 108 வண்டியில் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அறையில் தைல மணத்தைப் பரப்பும் டிஃப்யூசர் கருவியை வைத்து இரவு முழுவதும் ஓட விடலாமா? வீட்டில் பூனை உண்டு. – வாசகி, நாகர்கோவில்

அரை மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள், ஒரு சன்னலாவது திறந்திருக்கட்டும். பூனையின் ஈரல் இப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் குறைந்தது. டீ ட்ரீ அதற்கு நஞ்சு. பூனை உலவும் அறையில் வைக்காமலிருப்பதே சரி.

அசல் தைலத்தை எப்படி அடையாளம் காண்பது? போன ஆண்டு வாங்கியது மீதம் இருக்கிறது, இந்த ஆண்டு பயன்படுத்தலாமா? – வாசகர், கருங்கல்

காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்கிறார்கள். கறை படியாமல் பறந்துவிட்டால் அதில் சமையல் எண்ணெய் கலக்கவில்லை என்று மட்டும்தான் தெரியும். செயற்கை மணப்பொருள் கலந்திருந்தால் அதுவும் அப்படியே பறந்துவிடும். குப்பியின் மேல் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பகுதியிலிருந்து வடித்தது, தொகுதி எண், தயாரித்த நாள் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா மணமும் ஒரே விலையில் அடுக்கியிருக்கும் கடையில், குறிப்பாகச் சந்தனமும் எலுமிச்சையும் ஒரே விலை என்றால், அவை ஊதுவத்திக்குரிய வாசனைப் பொருள்களாகத்தான் இருக்கும்.

மீதம் இருப்பதில் எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் சீக்கிரம் கெடும். காற்றுப்பட்டுப் பழசானவை தோலில் ஒவ்வாமையைத் தூண்டும். பிழிந்தெடுத்த எலுமிச்சைத் தைலம் புதியதாக இருந்தாலும்கூட, தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருத்துப் புண்ணாகும், நம் ஊர் வெயில் மார்கழியிலும் சுடும் வெயில்தான். வாங்கி ஓராண்டு கடந்த எலுமிச்சைக் குப்பியை உடம்பில் பூசாமல், கண்ணாடிப் பாட்டில்களில் ஒட்டியிருக்கும் லேபிள் பசையைத் துடைத்தெடுக்கப் பயன்படுத்துங்கள், நன்றாகவே எடுக்கும். மற்றவற்றைப் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, அடுப்புச் சூடு படாத, குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருந்தால் இந்தப் பனிக்காலத்துக்கும் ஆகும்.