யூபிஎஸ்ஸில் சீனியரை விட்டுவிட்டு வேறொருவருக்கு டிரைவர் வேலை கொடுத்தால் யூனியன் என்ன செய்யும்?

அமெரிக்க பார்சல் நிறுவனமான யூபிஎஸ்ஸில் யூனியன் என்றால் டீம்ஸ்டர்ஸ். கிடங்கில் பார்ட் டைமாக பார்சல் ஏற்றி இறக்குபவர்கள் பலருக்கும் முழுநேர டிரைவர் வேலை மேல்தான் கண். காலியிடம் வந்தால் நோட்டீஸ் ஒட்டுவார்கள். பெயர் கொடுத்தவர்களில், தகுதி இருந்தால், சீனியாரிட்டிக்குத்தான் முன்னுரிமை. வெளியாட்களை எடுக்கவும் யூனியனும் நிறுவனமும் போட்ட ஒப்பந்தத்தில் இடமுண்டு. விகிதம் பகுதிக்குப் பகுதி மாறும்.

முறை தவறினால் யூனியன் பிரதிநிதி முதலில் சூப்பர்வைசரிடம் பேசுவார். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் எழுத்தில் புகார். அப்புறம் இரு தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் குழு விசாரிக்கும். புகார் கொடுக்கும் கெடு தாண்டினால் நியாயமான புகாரும் செல்லாது. பெயர் கொடுத்த தாளின் போட்டோ ஒன்று கையில் இருப்பது நல்லது.

ஓட்டுநர் பதிவில் குறை, மருத்துவத் தகுதி இல்லை என்றால் சீனியாரிட்டி காப்பாற்றாது.

ஒப்பந்தத்திலேயே இருக்கும் குறைகள் புகாரில் தீராது. 2018 ஒப்பந்தம் குறைந்த சம்பளத்தில் '22.4' என்ற இரண்டாம் தர டிரைவர் பிரிவைக் கொண்டுவந்தது. வேலைநிறுத்த மிரட்டலுக்குப் பிறகு, 2023 ஒப்பந்தத்தில்தான் அது ஒழிந்தது.