கம்பஸில் எதைக் கேட்பது, எப்போது கேட்பது?

கேள்வி: மகனுக்குப் பார்வை மிகக் குறைவு. கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். இப்போதே சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பரீட்சை நெருங்கும்போது சொன்னால் போதாதா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: போதாது அம்மா. பதிவுக்குப் போகும் அன்றே சொல்லிவிடுங்கள். உடற்குறையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று இலங்கையில் உடற்குறையுள்ளோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் 23ஆம் பிரிவில் சொல்கிறது. பிந்திச் சொல்வதில்தான் ஆபத்து. மேலதிக நேரம், தனி அறை, விடை எழுத ஆள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் தர மனமிருந்தும் முடியாமல் போகும்.

வைத்திய அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பீடத்துக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை புள்ளி (பொயின்ட், எழுத்தின் பருமன்) அளவு எழுத்தை, எவ்வளவு நேரம் தொடர்ந்து வாசிக்கலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ‘பெரிய எழுத்தில் வினாத்தாள்’ என்று மட்டும் கேட்டால், ஏ4 தாளை ஏ3 ஆகப் போட்டோகொப்பி எடுத்துத் தந்துவிடுவார்கள். அதில் 12 புள்ளி எழுத்து 17 புள்ளிதான் ஆகும். 24 வேண்டுமென்றால் 24 என்றே எழுதுங்கள். நேரமும் அப்படித்தான்: பழைய வினாத்தாள் ஒன்றை வீட்டில் செய்யவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். 3 மணி நேரத் தாளுக்கு 3 மணி 50 நிமிடம் போனால், கேட்க வேண்டியது 50 நிமிடம்.

கேள்வி: எனக்குப் பார்வையில்லை. கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற வாசிப்பானைப் பாவிக்கிறேன். ஆங்கில நோட்ஸ் நன்றாக வாசிக்கிறது. விரிவுரையாளர்கள் தரும் தமிழ் நோட்ஸை மட்டும் உளறுகிறது. ஏன்?
– மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் குரலைப் பாருங்கள். என்.வி.டி.ஏ.யோடு வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் இருக்கிறது, அதைத் தெரிவுசெய்யுங்கள். பிறகும் உளறினால், அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகருங்கள். ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு. கண்ணுக்குத்தான் அது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியை யுனிகோடாக்கும் (கணினி தமிழென்றே அறியும் பொதுக் குறியீடு) இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. ஆனால் முழுப் பக்கத்தையும் ஒன்றாக ஒட்டாதீர்கள்: நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று நினைத்துக் குழப்பிவிடும். தமிழ்ப் பந்திகளை மட்டும் தனியே மாற்றுங்கள்.

வாசிப்பான் ஒன்றுமே பேசாவிட்டால் அந்த பிடிஎப் வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். பத்துப் பத்துப் பக்கமாக ஏற்றுங்கள். மங்கிய போட்டோகொப்பி என்றால் மூலப் புத்தகத்தையே 300 டிபிஐ தெளிவில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திரும்ப ஸ்கேன் செய்விக்க வேண்டும். ரகரமும் கால் எழுத்தும் அப்போதும் இடம் மாறலாம்; பெயர்களையும் ஆண்டுகளையும் தோழி ஒருவரோடு சரிபாருங்கள். இத்தனை பாட்டையும் தவிர்க்கும் வழி ஒன்று: தவணை தொடங்க முன்னரே விரிவுரையாளரிடம் மூல வேர்ட் கோப்பை, யுனிகோடில் கேட்பது. கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, தயங்க வேண்டாம்.

கேள்வி: சக்கர நாற்காலியில் வருகிறேன். விரிவுரை மண்டபம் மாடியில், லிப்ட் இல்லை.
– மாணவர், தெஹிவளை

பதில்: லிப்டுக்காகக் காத்திருந்தால் படிப்பு முடிந்துவிடும். நேரசூசி போடமுன் பாடங்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றக் கேளுங்கள். நண்பர்கள் தூக்கிச் செல்வதைத் தீர்வாக ஏற்காதீர்கள். விழுந்தால் இருவருக்கும் அடி. வாசற்படிக்குச் சாய்தளம் கேட்கும்போது 1:12 கணக்கைச் சொல்லுங்கள்: 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். குறுக்கிக் கட்டினால் தனியே ஏற முடியாது, மழை நாளில் வழுக்கவும் செய்யும்.